கண்மாய்க்கு ஒரு ஃபைபர் படகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்கு வடமேற்கே, வாடிப்பட்டி போகும் சாலையோரம் எனக்கு ஒரு சின்ன ஃபைபர் பட்டறை. தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, ஜவுளிக்கடை வாசலில் நிற்கும் பொம்மை என்று ஓடிக்கொண்டிருந்தது. மீன்பாசி குத்தகை எடுத்த ஒருவர் வந்து "கண்மாய்க்கு ஒரு படகு போட்டுத் தர முடியுமா" என்று கேட்டார். அதிலிருந்து படகு வேலையும் சேர்ந்துகொண்டது. ஐப்பசியில் நாலு மழை பெய்து கண்மாய் பெருகினால் போதும், போன் அடிக்க ஆரம்பித்துவிடும். பாதிப் பேர் வாங்கக் கேட்பவர்கள், மீதிப் பேர் தாங்களே செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள். ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

கீழே "நம்ம படகு" என்று நான் சொல்வதெல்லாம் ஒரே அளவு: 12 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி உயரம், தட்டையான அடி. கம்பு ஊன்றியோ துடுப்புப் போட்டோ போவது.

அண்ணே, ஃபைபர்னா பிளாஸ்டிக்தானே? பக்கெட் மாதிரி வெயில்ல வெடிச்சிராதா?

பக்கெட் வெறும் பிளாஸ்டிக். ஃபைபர் என்பது கண்ணாடி இழையும், ரெசின் என்கிற இறுகும் திரவப் பிசினும் சேர்ந்தது. வீட்டுத் தளத்தில் கம்பியும் கான்கிரீட்டும் சேர்வது போலத்தான். இழுவையைத் தாங்குவது கண்ணாடி இழை. அந்த இழையை இருந்த இடத்தில் பிடித்துவைத்துத் தண்ணீர் புகாமல் காப்பது ரெசின்.

இதை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாதித் தப்பு இங்கேதான் தொடங்குகிறது. ரெசின் கூடினால் பலம் கூடும் என்று நினைத்து வாளி வாளியாக ஊற்றுகிறார்கள். டம்ளர் அடியில் மிஞ்சி இறுகிய ரெசின் கட்டி ஒன்றை எடுத்துத் தரையில் போட்டுப் பாருங்கள், கண்ணாடி மாதிரி சிதறும். வெயிலைப் பொறுத்தவரை, வெளிப்பக்கம் ஜெல்கோட் (நிறம் கலந்த ரெசின் மேல்பூச்சு) சரியாக இருந்தால் நிறம் வெளுக்கும், சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டும். அவ்வளவுதான். வெடிக்காது.

பரிசலோ மரப்படகோ செஞ்சுட்டுப் போகலாமே, எதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்?

பரிசலைக் குறை சொல்ல மாட்டேன். மூங்கில் பிளாச்சு பின்னி, சாக்குப்படுதா கட்டி, தார் பூசிவிட்டால் ஆச்சு. ஒரே ஆள் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு கரையேறிவிடலாம். ஆனால் நம் கண்மாய்களுக்குள் சீமைக்கருவேலம் வெட்டிய கட்டைகள் தண்ணீருக்கடியில் கூர்மையாக நின்றுகொண்டிருக்கும். பரிசலின் தோல் அதற்குத் தாங்காது.

மரத்துக்குச் சிக்கல் வேறு. வருடத்தில் பாதி நாள் கண்மாயில் தண்ணீர் கிடையாது. கரையில் காய்ந்து கிடக்கும் மரப்படகு சுருங்கி, பலகை இணைப்பு எல்லாம் வாய் பிளந்துவிடும். மறுபடி தண்ணீரில் ஊறவைத்து, கசிவு அடைத்து, அதற்குள் மீன்பிடி நாள் போய்விடும். கடற்கரையிலேயே 2004 சுனாமிக்குப் பிறகு எங்கு பார்த்தாலும் ஃபைபர் படகுதானே நிற்கிறது.

என்னென்ன வாங்கணும்? கடைக்காரர் "மேட்டா, ரோவிங்கா"ன்னு கேக்குறாரு, முழிக்கிறேன்.

மேட் என்பது துண்டு துண்டான இழைகளைக் கொட்டிப் பசையால் ஒட்டிய விரிப்பு. சதுர மீட்டருக்கு 300 கிராம், 450 கிராம் என்று வரும். ரோவிங் என்பது தடித்த இழையைப் பாய் மாதிரி நெய்தது, பெரும்பாலும் 600 கிராம் பக்கம். மேட் வளைவு நெளிவில் படிந்து உட்காரும், கனம் கொடுக்கும். ரோவிங் கட்டை குத்தினாலும் கிழியாமல் பிடிக்கும். இரண்டு ரோவிங்கை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடாதீர்கள், நடுவில் ஒரு மேட் வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் ஏடு ஏடாகப் பிரியும்.

ரெசின் என்றால் நமக்குப் பாலியெஸ்டர் ரெசின். அதில் சாதா ஜிபி, தண்ணீரை நன்றாகத் தாங்கும் ஐசோ என்று இரண்டு கிடைக்கும். படகு மாதக்கணக்கில் தண்ணீரில் மிதக்கப்போகிறது. ஜெல்கோட்டும் அதற்கு அடுத்த முதல் அடுக்கும் கட்டாயம் ஐசோவாக இருக்கட்டும். மிச்சப்படுத்துகிறேன் என்று அங்கே ஜிபி போட்டால் வெளித்தோலில் கொப்புளம் கிளம்பும். உள் அடுக்குகளுக்கு ஜிபி போதும். இவை போக ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட், படகு அச்சில் ஒட்டாமலிருக்க வாக்ஸும் பிவிஏவும், துடைக்க அசிட்டோன், பிரஷ், இரும்பு வளையம் கோத்த ரோலர், ஊசி இல்லாத சிரிஞ்ச். முக்கியமாக ஒரு தராசு.

எவ்வளவு ரெசின் வாங்கணும்? ஒரு கணக்கு சொல்லுங்க.

மேட்டின் எடைக்கு இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின். ரோவிங்குக்கு அதன் எடைக்குச் சமமான ரெசின். இதுதான் மொத்தக் கணக்கும்.

நம்ம படகின் பரப்பு அடியும் பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 8 சதுர மீட்டர். அச்சுக்குள் நான் போடும் வரிசை, வெளித்தோலிலிருந்து உள்ளே: ஜெல்கோட், 300 மேட், 450 மேட், 600 ரோவிங், கடைசியாக ஒரு 450 மேட். ஆக மேட் மட்டும் சதுர மீட்டருக்கு 1200 கிராம், 8 சதுர மீட்டருக்கு 9.6 கிலோ. அதற்கு ரெசின் 21 கிலோ. ரோவிங் 4.8 கிலோ, அதற்கு ரெசின் 5 கிலோ. ஜெல்கோட் ஒரு 5 கிலோ. அடிப்பாகத்துக்கு மட்டும் இன்னொரு ரோவிங்கும் மேட்டும் சேர்த்துப் போடுவேன், கருவேலங்கட்டைக்காக. அது 9 கிலோ கூட்டும். இதுவரை 55 கிலோ. சீட்டு, விளிம்பு, கீழே வரும் விலா எல்லாம் சேர்ந்தால் 70 கிலோ பக்கம் வந்து நிற்கும். பக்கச் சுவர் 4 மில்லிமீட்டர், அடி அஞ்சரை முதல் 6.

இந்த 70 கிலோவை நினைவில் வையுங்கள், கீழே இரண்டு மூன்று இடத்தில் திரும்ப வரும். வாங்கும்போது ரெசின் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். வாளியிலும் பிரஷிலும் போவது போகத்தான் செய்யும்.

கேட்டலிஸ்ட் எத்தனை மூடி ஊத்தணும்?

மூடிக் கணக்கே கூடாது. ஒரு கிலோ ரெசினுக்கு 1 முதல் 2 சதவீதம், அதாவது 10 முதல் 20 மில்லி. ரெசினைத் தராசில் வைத்து நிறுங்கள், கேட்டலிஸ்டை சிரிஞ்சில் அளங்கள். மார்கழிக் காலையில் 2 சதவீதம் போகலாம். சித்திரையில் 1 சதவீதமே அதிகம் போலத் தெரியும். அதற்காக 1 சதவீதத்துக்குக் கீழே இறங்காதீர்கள், ரெசின் முழுசாக இறுகாமலே நின்றுவிடும். அளவை விடுத்து நேரத்தை மாற்றுங்கள். கோடையில் நான் விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள் ரோலரைக் கழுவி வைத்துவிடுவேன்.

இது பட்டுத் தெரிந்தது. ஒரு மே மாத மத்தியானம், அவசரம் என்று நாலு கிலோ ரெசினை ஒரே வாளியில் கலந்து வைத்துவிட்டு மேட் வெட்டப் போனேன். பத்து நிமிஷத்தில் வாளி ஓரம் கூழாக ஆரம்பித்தது. அப்புறம் நடுவில் மஞ்சள் கறுத்து, வெடிப்பு விட்டு, வெள்ளைப் புகை. வாளியின் அடி உருகித் தரையோடு ஒட்டிக்கொண்டது. ரெசின் இறுகும்போது சூடு வரும், குவியலாக இருந்தால் அந்தச் சூடு வெளியே போக வழி இல்லை. ஒரு தடவைக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். ஒடுக்கமான மக்கைவிட அகலமான பேசின் நல்லது. ரெசின் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், விரித்துப் போடுங்கள்.

கோபால்ட்டுன்னு ஒரு நீல பாட்டில் கொடுத்தாங்க. அதையும் கேட்டலிஸ்டையும் ஒண்ணாக் கலந்து வச்சுக்கிட்டா வேலை சுலபம்ல?

ஐயா, வேண்டாம். கோபால்ட் என்பது ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் திரவம். இரண்டையும் நேராகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும். அது முழுசாகக் கரைந்த பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள். ரெசின் வாங்கும்போதே "கோபால்ட் கலந்ததா, கலக்காததா" என்று கேளுங்கள். கலந்து வரும் ரெசினில் மறுபடி ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மூஞ்சில துண்டைக் கட்டிக்கிட்டா போதாதா?

போதாது. துண்டு தூசியைத்தான் கொஞ்சம் தடுக்கும். ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும், இடமும் காற்றோட்டமாக இருக்க வேண்டும். அதைவிடக் கண் கண்ணாடி முக்கியம். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். தெறித்துவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கண்ணைத் திறந்து வைத்துக் கால் மணி நேரம் கழுவிக்கொண்டே இருங்கள், அப்புறம் நேரே ஆஸ்பத்திரி. கிரைண்டர் போட்ட தூசி உடம்பில் அரித்தால் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள், வெந்நீர் ஆகாது.

ஒரே ஒரு படகுதான் எனக்கு. அதுக்கும் அச்சு செய்யணுமா?

வேண்டாம். அச்சு செய்வது படகு செய்வதைவிடப் பெரிய வேலை. முதலில் பிளைவுட், பட்டி, பெயின்ட் வைத்துப் படகு உருவத்தில் ஒரு பிளக். அதைக் கண்ணாடி மாதிரி தேய்த்து, அதன்மேல் ஃபைபரில் அச்சு, அந்த அச்சுக்குள் படகு. பிளக்கில் ஒரு கீறல் இருந்தால் அச்சில் வரும், பிறகு பிறக்கும் ஒவ்வொரு படகிலும் வரும். நாலைந்து படகாவது போடுவதாக இருந்தால்தான் இது கட்டும்.

ஒரு படகுக்குப் பிளைவுட்டையே உடம்பாக வைத்துக்கொள்ளலாம். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை, 6 மில்லிமீட்டர் கனத்தில். 303 முத்திரை வீட்டு வேலைக்கு, அதை வாங்காதீர்கள். பலகைகளை வெட்டி, ஓரத்தில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தையல் போட்டு இழுத்தால் படகு உருவம் தானாக எழுந்து நிற்கும். உள்மூலைகளில் எபாக்சியும் (இது வேறு வகை ரெசின்) மரத்தூளும் குழைத்துப் பூசி, கம்பியை உருவிவிட்டு, உள்ளும் புறமும் கண்ணாடித் துணி ஒட்டிவிடலாம். 8 அடிப் பலகை 12 அடிக்கு எட்டாது, இரண்டைச் சேர்த்துப் பின்னால் பட்டை வைத்து ஒட்ட வேண்டும். தச்சு வேலை தெரிந்தவருக்கு இது பிடித்துப்போகும்.

அப்ப அந்தப் பிளைவுட்டுக்கு மிச்சம் இருக்கிற மேட்டையே எபாக்சியில ஒட்டிரலாமா?

கூடாது. மேட்டில் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது. மேட் விறைப்பாகவே நிற்கும், வளைவில் படியாது. எபாக்சிக்கு நெய்த கண்ணாடித் துணிதான். எபாக்சி நல்ல சரக்கு, மரத்தில் பாலியெஸ்டரைவிட நன்றாக ஒட்டும், தண்ணீரும் குறைவாக ஏறும். விலைதான் கூட. அச்சில் போடும் கண்மாய்ப் படகுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

அச்சுலேர்ந்து படகு வரவே மாட்டேங்குது. சுத்தியலால அடிக்கலாமா?

இரும்புச் சுத்தியலை எடுத்தால் ஜெல்கோட் நட்சத்திரம் நட்சத்திரமாக வெடிக்கும். விளிம்பில் மர ஆப்புகளை நாலைந்து இடத்தில் மெதுவாகச் செருகுங்கள். கிடைக்கும் இடைவெளியில் தண்ணீர் ஊற்றுங்கள். பிவிஏ தண்ணீரில் கரையும், ஆகவே தண்ணீரே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ரப்பர் சுத்தியலால் வெளிப்பக்கம் தட்டிக்கொண்டே வாருங்கள். முதலில் "தொப் தொப்" என்று செத்த சத்தம் வரும். விடுபட்ட இடத்தில் சத்தம் திறந்து ஒலிக்கும். பிறகு ஒரு பெருமூச்சு மாதிரி "புஸ்" என்று காற்று உள்ளே போகும். அந்தச் சத்தத்துக்காக நான் ராத்திரி பதினோரு மணி வரை காத்திருந்ததுண்டு.

அன்று காரணம் நான்தான். புது அச்சுக்கு ஐந்தாறு தடவை வாக்ஸ் போட்டு, ஒவ்வொன்றையும் காயவிட்டுத் துடைக்க வேண்டும். பின்பலகை மூலையில் கை நுழையவில்லை என்று மூன்றோடு விட்டுவிட்டேன். உள்ளங்கை அகலத்துக்கு ஜெல்கோட் அச்சிலேயே தங்கிவிட்டது. இன்றும் அந்த அச்சில் போடும் படகுக்கு அந்த மூலையில் ஒரு சிறு மேடு உண்டு.

ஜெல்கோட் முதலைத் தோல் மாதிரி சுருங்கிருச்சே?

ஒன்று, மெல்லியதாகப் பூசியிருப்பீர்கள். அரை மில்லிமீட்டர் வேண்டும், சதுர மீட்டருக்கு 600 கிராம் கணக்கு. இல்லாவிட்டால் அது இறுகும் முன்பே மேலே மேட் போட்டிருப்பீர்கள். விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுக்கென்று இருக்க வேண்டும், ஆனால் விரலில் நிறம் வரக் கூடாது. அதுதான் மேட் போடும் நேரம்.

உள்பக்கம் ரெண்டு நாளாகியும் பிசுபிசுன்னு ஒட்டுது. ரெசின் கலப்படமா?

கடைக்காரரைத் திட்டும் முன்: காற்றுப் படும் முகத்தில் பாலியெஸ்டர் ரெசின் முழுசாக இறுகாது, அதன் சுபாவமே அப்படி. அடுத்த அடுக்கு ஒட்டுவதற்கு அது நல்லதுதான். கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகு கலந்த ரெசினைப் பூசுங்கள். மெழுகு மேலே மிதந்து காற்றை மறைக்கும், பிசுக்கு போய்விடும். நகத்தால் கீறினால் ஆழமாகக் கோடு விழுகிறது என்றால் அது வேறு கதை, கேட்டலிஸ்ட் அளவில் தப்பு. மூடிக் கணக்கைப் பற்றி மேலே திட்டியிருக்கிறேன்.

அடியில மிதிச்சா உள்ள போய்ப் போய் வருது. இன்னும் ரெண்டு மேட் போடவா?

மேட்டைக் கூட்டினால் எடைதான் கூடும். தட்டையான அடிக்கு விலா எலும்பு வேண்டும். இரண்டு அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, உள்ளே முன்பின்னாக மூன்று வரிசை கவிழ்த்து வையுங்கள். அதன்மேல் இரண்டு 450 மேட் போட்டு, இரு பக்கமும் கையகலம் படியும்படி உருட்டிவிடுங்கள். குழாய் சும்மா உருவம் கொடுக்கத்தான், பலம் மேலே உள்ள ஃபைபரில். மறுநாள் ஏறி நின்று குதித்துப் பாருங்கள்.

எத்தனை பேர் ஏறலாம்? கவுந்துருமா?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒதுக்கினால் ஒரு கிலோ தாங்கும். நம்ம படகின் அடி தண்ணீரில் படும் பரப்பு 3 சதுர மீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டர் இறங்குவதற்கு 30 கிலோ வேண்டும். படகு 70, ஆள் இரண்டு பேர் 130, வலையும் மீன் பெட்டியும் 40. மொத்தம் 240 கிலோ, 8 சென்டிமீட்டர் இறங்கும். கணக்குப்படி எட்டுப் பேர்கூட ஏறலாம். நான் நாலு பேருக்கு மேல் சொல்வதில்லை.

ஏனென்றால் மூழ்குவது எடையால் அல்ல, எல்லோரும் ஒரே பக்கம் போவதால். தைப்பூசத்தன்று மாரியம்மன் தெப்பக்குளத்தில் வடம் பிடித்து இழுக்கும் தெப்பத்தைப் பாருங்கள். அத்தனை உயரம் சோடித்தும் ஆடாமல் வருகிறது, அடி அவ்வளவு அகலம். நம்ம படகு 4 அடிதான். வலை இழுக்கும்போது இரண்டு பேரும் ஒரே ஓரத்தில் நிற்காதீர்கள்.

தண்ணி ஏறுனாலும் முங்காம இருக்க, சீட்டுக்கடியில தெர்மகோல் அடைச்சா போதும்ல?

மிதவை கட்டாயம் வேண்டும். ஃபைபர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம், நிரம்பினால் நேரே தரைக்குப் போய்விடும். நம்ம 70 கிலோ படகு தண்ணீருக்குள் 23 கிலோ போலக் கனக்கும். அதைத் தூக்கிப் பிடித்து, இரண்டு பேர் தொற்றிக்கொள்ளவும் இடம் கொடுக்க வேண்டும். ஓரடிக்கு ஓரடியில், ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு பெட்டி 90 லிட்டர் பிடிக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வையுங்கள். ஒரு முனையில் மட்டும் வைத்தால் முங்கிய படகு செங்குத்தாக நிற்கும்.

தெர்மகோலில்தான் வில்லங்கம். ஈர ரெசின் பட்டால் தெர்மகோல் ஐஸ் மாதிரி கரைந்துவிடும். பெட்டியை மூடிய பிறகு வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. பியு ஃபோம் (பாலியூரித்தேன் நுரை) போடுங்கள். தெர்மகோல்தான் என்றால் பாலித்தீனில் இறுக்கிச் சுற்றி, பெட்டி இறுகிய பிறகு உள்ளே வையுங்கள்.

நம்ம பக்கம் வாழை நார் கெடக்கே, கண்ணாடி இழைக்குப் பதிலா அதைப் போட்டா என்ன?

சோழவந்தான் பக்கத்திலிருந்து வருடத்துக்கு ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார், ஆசையான கேள்விதான். ஆனால் வாழை நாரும் சணலும் தண்ணீர் குடிக்கும். குடித்தால் உப்பும், உப்பினால் ரெசினை விட்டுப் பிரியும். உள்சுவர்ப் பலகை, தட்டு மாதிரி காய்ந்த இடத்துக்குப் போடலாம். தண்ணீரில் கிடக்கும் பொருளுக்கு வேண்டாம். கார்பன் ஃபைபரும் கேட்கிறார்கள். விலை ஒரு பக்கம், கட்டையில் இடித்தால் கண்ணாடி இழை அளவுக்குத் தாங்கிக்கொள்ளாது. கண்மாய்க்கு அது எதற்கு?

மோட்டார் மாட்டலாமா? தொண்டிக்குக் கொண்டுபோய்க் கடல்ல விடலாமா?

சின்ன மோட்டார் மாட்டலாம். பின்பலகைக்குள் 18 மில்லிமீட்டர் மரைன் பிளை இரண்டு சேர்த்து வைத்து மூட வேண்டும், போல்ட் துளைகளை ரெசினால் அடைக்க வேண்டும். அதோடு, இயந்திரம் வைத்த கலங்களுக்கு சர்வே, பதிவு என்று உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021 இருக்கிறது. கண்மாய் நீர்வளத் துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா என்று பார்த்து முதலில் அங்கே கேளுங்கள். கடலுக்கு: வேண்டாம். தட்டையான அடி, ஒன்றரை அடிச் சுவர். அலை அறையும், தண்ணீர் ஏறும். கடல் படகுக்கு மூக்கும் உயரமும் வேறு.

கோடையில கண்மாய் காஞ்சதும் படகை என்ன பண்றது? போன வருஷம் அடியில விரிசல் விட்டிருச்சு.

கவிழ்த்து, இரண்டு மரக்கட்டைமேல் சமமாக வைத்து, பூவரசோ புளியோ ஒரு மர நிழலில் விடுங்கள். கலுங்குக் கல்மேல் ஒரு முனையைச் சாய்த்து வைத்தால் மூன்று மாதத்தில் முறுக்கிக்கொள்ளும்.

விரிசலுக்கு மேலே பட்டி பூசுவது வீண். சுற்றிலும் கிரைண்டரால் சரிவாகத் தேயுங்கள், கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்கு. 6 மில்லிமீட்டர் அடிக்கு விரிசலின் ஒவ்வொரு பக்கமும் 7 சென்டிமீட்டர். நன்றாகக் காயவிட்டு, அசிட்டோனால் துடைத்து, முதலில் போட்ட அடுக்கு வரிசையையே மறுபடி போடுங்கள்.

ஆர்டர் கொடுத்து வாங்குறேன். நல்லாச் செஞ்சிருக்காங்களான்னு எப்படிப் பாக்குறது?

ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் அடி முழுக்கத் தட்டுங்கள். கணீரென்று வரவேண்டும். எங்காவது "டொப்" என்றால் அங்கே அடுக்குகளுக்கு நடுவில் காற்று. உட்புறம் பிசுக்கு இருக்கிறதா என்று அசிட்டோன் துணியால் தேயுங்கள். பிறகு பெயின்ட் அடிக்காத ஒரு இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் வெள்ளைத் திட்டுகள் தெரியும், அவை ரெசின் நனையாத இழை.

கடைசியாக எடை. நம்ம அளவு படகு 50 கிலோதான் இருக்கிறது என்றால் அடுக்கு குறைந்திருக்கிறது. 95 வந்தால் ரெசினை ஊற்றி மூடியிருக்கிறார்கள். படகில் துளை போடும்போது விழும் வட்டத்துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை அடுப்பில் வைத்தால் ரெசின் எரிந்து இழை மட்டும் மிஞ்சும், எத்தனை மேட், எத்தனை ரோவிங் என்று ஒவ்வொன்றாக உரித்து எண்ணிவிடலாம். வீட்டு அடுப்பில் வேண்டாம், வெளியே, புகை உங்கள்மேல் வராதபடி காற்று வரும் பக்கம் நின்றுகொண்டு. என் பட்டறையிலும் கேளுங்கள், கொடுப்பேன்.